றகர னகரங்களின் வரலாறு: திருவனந்தபுரத்திலிருந்து ஒரு நோக்கு

திருவனந்தபுரம் என்னும் ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதுவோர் அதில் இரண்டு வேறு மூக்கொலி எழுத்துகளை எழுதுகின்றனர். வகரத்தின் பின் றன்னகரம், தகரத்தின் முன் தந்நகரம். அதே பெயரை மலையாளத்தில் எழுதுவோர் இரண்டு இடத்தும் ஒரே எழுத்தையே எழுதுகின்றனர். ஆயினும் அவ்வூரில் பிறந்து வளர்ந்த மலையாளியின் நா அவ்விரண்டையும் ஒன்றாக்குவதில்லை. முன்னதில் நுனிநா மேல்பல் முகட்டைத் தொடுகிறது. பின்னதில் பல்லைத் தொடுகிறது. இந்தச் சொல்லில் அவ்வேறுபாடு அடுத்து வரும் ஒலியால் தானே அமைவது. ஆகவே எழுத்தில் காட்டாவிடினும் கேடில்லை. ஆனால் மலையாளத்தில் அவ்வேறுபாடு பொருளையே மாற்றும் இடங்களும் உள. அங்கும் எழுத்து ஒன்றே.

தமிழகத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. இங்கு ந, ன என எழுத்து இரண்டு. பெரும்பான்மைப் பேச்சில் ஒலி ஒன்று. பள்ளியில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் இழக்கும் மாணவனிடம் எந்த னகரம் எங்கு வரும் என்பதற்கு விதி கூறப்படுகிறதேயன்றி, அவன் செவிக்கு வேறுபாடு காட்டப்படுவதில்லை. ஒரே மூலத்திலிருந்து கிளைத்த இரு மொழிகளுள் ஒன்று எழுத்தைக் காத்து ஒலியை நெகிழவிட்டது. மற்றொன்று ஒலியைக் காத்து எழுத்தை இழந்தது. இது நிகழ்ந்த முறையை ஆராய்வதும், திருவனந்தபுரத்தில் குவிந்துள்ள பழைய ஆவணங்களைப் படிப்போர்க்கு அதனால் நேரும் ஓர் இடரைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொல்காப்பியர் பிறப்பியலில் மூவகை ஒலியிடங்களைத் தெளிவாகப் பிரித்துள்ளார். தகர நகரங்கள் பல்லின் அடியை நாநுனி பரந்து தொடப் பிறப்பன. டகர ணகரங்கள் நுனிநா அண்ணத்தை உறுவதால் பிறப்பன. றகர னகரங்களோ நுனிநா மேல்நோக்கிச் சென்று அண்ணத்தை ஒற்றப் பிறப்பன. இங்கு ‘ஒற்றல்’ என்னும் வினை கருதத்தக்கது. ரகர ழகரங்களுக்கு அவர் கூறுவது ‘வருடல்’. ஒற்றல் வேறு, வருடல் வேறு. காற்று முற்றும் தடைபட்டு வெளிப்படுவது முன்னது, நா தடவிச் செல்வது பின்னது. எனவே தொல்காப்பியர் செவியில் பட்ட றகரம் ரகரத்தின் வலுத்த வடிவம் அன்று. தகரம், டகரம் போன்ற ஒரு வெடிப்பொலி. அதனாற்றான் க, ச, ட, த, ப என்பனவற்றோடு அதுவும் வல்லெழுத்து ஆறனுள் ஒன்றாயிற்று. ஒவ்வொரு வல்லெழுத்திற்கும் ஒரு மெல்லெழுத்து இணையாக நிற்கும் அமைப்பில் றகரத்திற்கு இணை னகரம். கன்று, மூன்று, பன்றி என இரண்டும் அடுத்தடுத்து வருவதும் இவ்வினம் பற்றியே. டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என மூன்று மூக்கொலிகளுக்கும் வழங்கும் பெயர்களே அவற்றின் பிறப்பிடத்தைக் கூறிவிடுகின்றன. மூன்று சுழி, இரண்டு சுழி என்று வரிவடிவத்தால் பெயரிடும் இன்றைய வழக்கைவிட அப்பழைய பெயர்கள் எத்துணையோ மேலானவை.

இவ்விரண்டு எழுத்துகளும் நெடுங்கணக்கின் இறுதியில் நிற்பதற்கும் காரணம் உண்டு. பிராமி எழுத்தைத் தமிழுக்கு ஏற்றுக்கொண்டோர் அதில் இல்லாத நான்கு ஒலிகளுக்கு, அதாவது ழ, ள, ற, ன என்பனவற்றிற்கு, புதிய வடிவங்களை அமைத்துக்கொண்டனர். ஐராவதம் மகாதேவன் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட பழந்தமிழ்க் கல்வெட்டு ஆய்வு நூலில் இச்செய்தி விரிவாக விளக்கப்பட்டுள்ளது. வடமொழி ஒலியமைப்பில் தனி இடமில்லாத ஓர் ஒலிக்கு அந்நாளிலேயே தனி எழுத்துப் படைத்தவர், அதனைத் தம் பேச்சில் தெளிவாக வேறுபடுத்தியிருக்க வேண்டும். வேறுபாடு கேளாத இடத்தில் எவரும் எழுத்தைப் படைப்பதில்லை.

பின்னர்த் தமிழகப் பேச்சில் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. காற்று ‘காத்து’ ஆயிற்று. நேற்று ‘நேத்து’ ஆயிற்று. ஒன்று ‘ஒண்ணு’ ஆயிற்று. மூன்று ‘மூணு’ ஆயிற்று. நுனியண்ண வெடிப்பொலி ஒருபால் தகரத்திடமும் மற்றொருபால் ணகரத்திடமும் தஞ்சம் புகுந்தது எனலாம். நூலைப் படிக்கும்போது மட்டும் காற்று என்பதனை டகரமும் ரகரமும் கலந்தாற்போல் ஒலிக்கின்றனர். அது கற்றோர் அமைத்துக்கொண்ட ஒலிப்பு. இயல்பான பேச்சு அன்று. தனித்து வரும் றகரம் ஆடொலியாகிப் பல வட்டாரங்களில் ரகரத்தோடு கலந்துவிட்டது. அரம், அறம் என்பனவற்றை ஒலியால் வேறுபடுத்துவோர் இன்று சிலரே.

தெற்கே செல்லச் செல்ல நிலை மாறுகிறது. 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை திருவிதாங்கூர்-கொச்சி அரசில் இருந்து, பின் தமிழகத்தோடு இணைந்த தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களே இன்றைய குமரி மாவட்டத்தின் அடிப்படை. இவற்றுள் மேற்கில் உள்ள கல்குளம், விளவங்கோடு பகுதிப் பேச்சில் காற்று என்பது காற்றாகவே கேட்கும். தகரமும் இல்லை, ரகர அதிர்வும் இல்லை. நுனிநா பல்முகட்டில் அழுந்திப் பிரியும் இரட்டை வெடிப்பொலி. அங்கிருந்து திருவனந்தபுரத்திற்குச் செல்பவர் இவ்வொலியில் எல்லை எதனையும் உணர்வதில்லை. அரசியல் எல்லை ஒரு நாளில் வரையப்பட்டது. ஒலியெல்லை அதனைப் பின்பற்றவில்லை.

திருவனந்தபுர மலையாளத்தில் இவ்வொலி எத்துணை உறுதியாக நிற்கிறது என்பதற்கு மூன்று சொற்கள் போதும். ‘குத்தி’ என்றால் குத்தினான். ‘குற்றி’ என்றால் முளை. ‘குட்டி’ என்றால் குழந்தை. மூன்றும் நாவின் இடத்தால் மட்டுமே வேறுபடுகின்றன. ‘பத்தி’ பாம்பின் படம், ‘பற்றி’ குறித்து, ‘பட்டி’ நாய் என்பனவும் அவ்வாறே. தமிழ் எழுத்தில் இவற்றை எழுதிக்காட்ட ஒரு தடையும் இல்லை. தமிழகத்தார் பலர்க்கு நடுவிலுள்ள சொல்லை ஒலித்துக்காட்டுவதே அரிது.

ஆங்கிலச் சொற்களை ஏற்கும் முறையிலும் இது புலனாகும். ‘டிக்கெட்’ என நாம் எழுதும் சொல்லை மலையாளிகள் தொடக்கத்தில் டகரமும் இறுதியில் இரட்டை றகரமும் இட்டு எழுதுகின்றனர். ஆங்கிலத்தின் பல்முகட்டு ஒலிக்குத் தம் மொழியிலேயே நேர் ஒலி இருப்பதை அவர்தம் செவி கண்டுகொண்டது. ஆனால் மலையாளச் சொல்லின் முதலில் அவ்வெடிப்பொலி வாராது. ஆதலின் அங்கு மட்டும் டகரம். யாழ்ப்பாணத்தாரும் இவ்வாறே. அவர்கள் ‘ரிக்கற்’ என்றும் ‘ரெலிபோன்’ என்றும் எழுதும் வழக்கம் உடையர். கனடாவின் பெருநகரை ‘ரொறன்ரோ’ என்பர். தமிழகத்து வாசகர் முதன்முறை இவற்றைக் காணும்போது திகைப்பர். சிலர் நகைப்பதும் உண்டு. நகைப்பதற்கு ஒன்றுமில்லை. றகரத்தின் பழைய வெடிப்பொலித் தன்மையை ஈழத்துச் செவி மறக்கவில்லை என்பதற்கு அது சான்று.

நீலகிரியில் ஓராயிரம் பேரளவில் பேசும் தோடர் மொழியும் இங்கு நினைக்கத்தக்கது. எம். பி. எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி அம்மொழியை ஆராய்ந்தார். தோடரின் பேச்சில் பல்லொலி, நுனியண்ண ஒலி, நாவளை ஒலி என்னும் மூவகை வெடிப்பொலியும் பொருள் வேறுபடுத்தும் ஒலியன்களாக நிற்கின்றன. அங்கு மூன்று என்னும் எண்ணுப்பெயர் நுனியண்ண வெடிப்பொலியில் முடிகிறது. எழுத்தே இல்லாத மொழி, தொல்காப்பியர் வகுத்த பாகுபாட்டை நாவிலேயே காத்து வந்திருக்கிறது. எழுத்தின் துணையின்றி ஒலி நிலைக்கும் என்பதற்குத் தோடர் மொழி ஒரு சான்று. மலையாளம் மற்றொரு சான்று.

இனி, மலையாளம் எழுத்தை இழந்த வரலாற்றைக் காண்போம். கேரளத்தின் தொன்மையான ஆவணங்கள் வட்டெழுத்தில் அமைந்தவை; வடசொற்கள் வருமிடத்துக் கிரந்தம் கலந்து வரும். ஒன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்த வாழப்பள்ளிச் செப்பேடும், 849ஆம் ஆண்டில் தாணு இரவியின் ஆட்சியில் அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கிய செப்பேடும் இவ்வகையின. வட்டெழுத்து தமிழ் ஒலிகளுக்கு அமைந்த எழுத்தாதலின் அதில் ந, ன இரண்டிற்கும் தனித்தனி வடிவம் உண்டு. திருவிதாங்கூரில் வட்டெழுத்தின் வழிவந்த மலையாண்மை எழுத்து, கோயில், அரசுப் பதிவுகளில் பதினெட்டாம் நூற்றாண்டிலும் வழங்கியது. பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஓலைகள் அதற்குப் பெருஞ்சான்று.

இதற்கிடையில் வடமொழி நூல்களையும் மணிப்பிரவாள இலக்கியத்தையும் எழுதுவதற்குக் கிரந்தத்தின் வழிவந்த ஆரிய எழுத்துப் பரவியது. காலப்போக்கில் அதுவே மலையாளத்தின் பொது எழுத்தாயிற்று. கிளமென்ட் பியானியுஸ் என்னும் பாதிரியார் 1772இல் ரோமாபுரியில் அச்சிட்ட மலையாள எழுத்து நூலின் இலத்தீன் பெயரிலேயே கிரந்தம் என்னும் சொல் கலந்திருப்பது, அவ்வெழுத்தின் பிறப்பை அந்நாளினர் அறிந்திருந்தனர் என்பதைக் காட்டுகிறது. வடமொழியில் இல்லாத ஒலிகளுக்கு என் செய்வது? ழகரத்தையும் றகரத்தையும் வட்டெழுத்திலிருந்து எடுத்துக்கொண்டனர் என்பர். கிரந்தத்தில் அவற்றிற்கு ஈடான எழுத்து இல்லாமையால் கடன் பெறுவது தவிர்க்க முடியாததாயிற்று. னகரத்தின் நிலை வேறு. கிரந்தத்தில் ஒரு நகரம் இருந்தது. காண்பார்க்கு அது போதும் எனத் தோன்றியது. முற்றும் இல்லாத பொருளின் குறை உடனே தெரியும்; ஏறக்குறைய உள்ள பொருளின் குறை தெரிவதில்லை. இவ்வாறு னகரம் ஓசையின்றி வெளியேறியது. அதனை எவரேனும் எண்ணித் துணிந்து விலக்கினர் என்று கருதுவதற்கு இடமில்லை.

றகரத்திற்கு நேர்ந்தது அத்துணை இழப்பன்று. தனித்த றகரத்தை ஆடொலியாகவும், இரட்டித்த றகரத்தை வெடிப்பொலியாகவும், னகரத்தை அடுத்த றகரத்தை மெலிந்த வெடிப்பொலியாகவும் மலையாளிகள் படித்தனர். ‘எனது’ என்னும் பொருளில் வரும் ‘என்றெ’ என்னும் சொல்லில் இம்மூன்றாம் ஒலிப்பைக் கேட்கலாம். சூழலால் ஒலி விளங்கிவிடுவதால் தனி எழுத்து இன்றியும் அங்குக் குழப்பம் மிகுதியும் நேர்வதில்லை. குழப்பம் மூக்கொலியில்தான்.

அதற்கு ஒலிமாற்றம் ஒன்றே காரணம். தமிழில் மூக்கொலியும் இன வல்லெழுத்துமாக வரும் பல தொடர்கள் மலையாளத்தில் இரட்டை மூக்கொலியாயின. கஞ்சி ‘கஞ்ஞி’ ஆயிற்று. மாங்காய் ‘மாங்ங’ ஆயிற்று. வந்து என்பது ‘வந்நு’ ஆயிற்று. ஒன்று, மூன்று, குன்று, பன்றி என்பன ‘ஒந்நு, மூந்நு, குந்நு, பந்நி’ ஆயின. ஏ. ஆர். இராஜராஜவர்மா தமது இலக்கணத்தில் கூறிய ஆறு நயங்களுள் முதலாவதாகிய ‘அனுநாசிகாதிப்ரசரம்’ இதனையே குறிக்கிறது. மாற்றத்தின் விளைவாகப் பல்லொலியான ‘ந்ந’ மலையாளத்தில் பெருகியது. முன்னரே ‘கன்னி’ போன்ற சொற்களில் றன்னகர இரட்டை இருந்தது. இரண்டும் ஒரே எழுத்தால் எழுதப்பட்டன. ‘பந்நி’ என்பதையும் ‘கன்னி’ என்பதையும் மலையாளி எழுத்தைப் பார்த்துக் கற்பதில்லை. தாயிடம் கேட்டுக் கற்கிறான். இன்னும் தெளிவான சான்று, தமிழில் ‘என்னால்’, ‘என்றால்’ என வரும் இரு சொற்கள். முன்னது மலையாளத்திலும் என்னால். பின்னது ‘எந்நால்’ ஆகி ‘ஆனால்’ என்னும் பொருளில் வழங்குகிறது. ஒலியில் இரண்டும் வேறு. மலையாள ஏட்டில் இரண்டும் ஒன்று. மலையாளச் சொற்களைப் பற்றிய இக்குறிப்பைத் தமிழ் எழுத்தில் தெளிவாக எழுத முடிகிறது. மலையாள எழுத்தில் விளக்கக் குறி ஒன்றும் சேர்க்காது எழுத முடியாது என்பது வியப்புக்குரியது.

இக்குறையைக் கண்டு மருந்து தேடியவர் திருவனந்தபுரத்திலேயே இருந்தார். 1863இல் பிறந்து 1918இல் மறைந்த ஏ. ஆர். இராஜராஜவர்மா, இன்று பல்கலைக்கழகக் கல்லூரி என வழங்கும் மகாராஜா கல்லூரியில் பேராசிரியராக விளங்கியவர். 1896இல் வெளிவந்த தம் கேரள பாணினீயத்தை 1917இல் பெரிதும் திருத்தி மறுபதிப்புச் செய்தார். பாணினியின் பெயரைத் தாங்கிய நூலாயினும், மலையாளத்தின் ஒலிகளை வடமொழிச் சட்டத்துள் அடைத்துவிட அவர் விரும்பவில்லை. நுனியண்ண மூக்கொலிக்கும் நுனியண்ண வெடிப்பொலிக்கும் இரண்டு புதிய எழுத்து வடிவங்களை அமைத்தவர் அவரே என்பர். தமிழ் னகரமும் றகரமும் செய்யும் பணியை அவ்விரண்டும் மலையாளத்தில் செய்திருக்கும். ஆயின் மக்கள் அவற்றை ஏற்கவில்லை. அச்சகங்களும் பள்ளிகளும் பழகிய எழுத்தோடே நின்றன. வெடிப்பொலிக்கான எழுத்து இன்றியமையாதது அன்று என்பதே இக்கட்டுரையாளர் கருத்து. இரட்டை றகரம் அப்பணியைச் செவ்வனே செய்துவருகிறது. மூக்கொலிக்கான எழுத்தோ உண்மையில் தேவையானது. இரண்டையும் ஒருங்கே முன்வைத்தமையால், தேவையானதும் தேவையற்றதோடு சேர்ந்து புறக்கணிக்கப்பட்டதோ என எண்ணத் தோன்றுகிறது.

ஒலியைப் பற்றிய ஆய்வு அதன்பின் வளர்ந்தது. எல். வி. இராமசுவாமி ஐயர் 1925இல் மலையாள ஒலியியல் பற்றிய சிறு நூல் ஒன்றைக் கல்கத்தாவில் வெளியிட்டார். நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் 1926இல் பிறந்த வ. அய். சுப்பிரமணியம் கேரளப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையை வளர்த்து, 1974இல் மலையாளக் கிளைமொழி ஆய்வுத் தொகுதியை வெளிக்கொணர்ந்தார். 1977இல் திருவனந்தபுரத்தில் பன்னாட்டுத் திராவிட மொழியியல் பள்ளியை நிறுவினார். தமிழையும் மலையாளத்தையும் ஒருங்கே செவியில் கொண்ட குமரி நாட்டினர் ஒருவர் இப்பணிக்கு வாய்த்தது தற்செயல் அன்று. இதற்கிடையே 1971இல் கேரள அரசு மேற்கொண்ட எழுத்துச் சீர்திருத்தம் தட்டச்சுக்கு ஏற்ப உயிர்க்குறிகளையும் கூட்டெழுத்துகளையும் எளிமையாக்கியது. னகரத்தின் குறையை அது தொடவில்லை. இறுதியில் 2010ஆம் ஆண்டில் யூனிகோடு தரம் இராஜராஜவர்மாவின் பெயரோடு இணைந்த அவ்விரு எழுத்துகளுக்கும் குறியீட்டெண் வழங்கியது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப்பின் கணினிக்குள் இடம் பெற்ற அவ்வெழுத்துகள் அறிஞர் பயன்பாட்டிற்கு அப்பால் இன்னும் வரவில்லை.

இது எழுத்தறிஞர்க்கு மட்டும் உரிய செய்தி அன்று. திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியிலுள்ள மைய ஆவணக் காப்பகத்தில் ஓலைப் பதிவுகள் பெருந்திரளாக உள்ளன; அங்கு 2022ஆம் ஆண்டின் இறுதியில் ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. இவ்வோலைகள் படிக்கப்பட்டு, படியெடுக்கப்பட்டு, அச்சிலும் கணினியிலும் ஏறும் காலம் இது. வட்டெழுத்தையும் மலையாண்மையையும் படிக்கவல்லார் மிகச் சிலர். அவர்கள் ஓர் ஓலையைப் படித்து இன்றைய மலையாள எழுத்தில் பெயர்த்து எழுதும் அந்நொடியிலேயே மூலத்தில் உள்ள ந, ன வேறுபாடு அழிந்துவிடுகிறது. எழுதுபவரின் பிழை அன்று. எழுத்தே அதற்கு இடந்தருவதில்லை.

அழிவது எதுவென்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். ஒன்று என்பது ஒந்நு ஆனது ஒரே பாய்ச்சலில் நிகழ்ந்ததா, அன்றி இடையில் ‘ஒன்னு’ என றன்னகரம் இரட்டித்த ஒரு நிலை இருந்ததா? வந்து என்பதிலிருந்து வந்த ‘வந்நு’வும் ஒன்று என்பதிலிருந்து வந்த ‘ஒந்நு’வும் ஒரே காலத்தில் மாறினவா, முன்பின்னாக மாறினவா? இவ்வினாக்களுக்கு விடை கூறவல்லது, இரு மூக்கொலிகளையும் வேறுபடுத்தி எழுதிய ஏடு ஒன்றே. நாளிட்ட ஓலைகளில் எழுத்தர் எந்த ஆண்டில் ன்ற எழுதினார், எப்போது ன்ன எழுதினார், எப்போது ந்ந எழுதினார் எனத் தொகுத்தால் தமிழும் மலையாளமும் பிரிந்த வரலாற்றின் ஓர் அதிகாரம் ஆண்டுக்கணக்கோடு கிடைக்கக்கூடும். நாளில்லாத ஓலைகளின் காலத்தை உறுதி செய்வதற்கும் அஃது உதவும். பெயர்த்தெழுதிய படியிலோ மூன்றனுள் பின்னைய இரண்டும் ஒன்றாகவே தோன்றும். மூல ஓலை பூச்சியரித்துப் போனபின் அப்படியைக் கொண்டு எவரும் இதனைக் கேட்க இயலாது.

இதற்கு வழி உண்டு. அது புதிதும் அன்று. மனோன்மணீயம் ஆசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்தபோது, சுற்றுவட்டாரத்து வட்டெழுத்துக் கல்வெட்டுகளைப் படித்து 1894இல் திருவிதாங்கூரின் பண்டை அரசர்களைப் பற்றி எழுதினார். பின்னர் து. அ. கோபிநாத ராவ் முதலியோர் பதிப்பித்த திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் கல்வெட்டுப் பாடங்கள் தமிழ், கிரந்த அச்செழுத்துகளில் தரப்பட்டன. மூலத்தின் எழுத்து வேறுபாடுகள் அப்பதிப்பில் காக்கப்பட்டன. மலையாள எழுத்திலேயே படியெடுக்க விரும்புவோர்க்கு இன்று இராஜராஜவர்மாவின் னகரம் கணினியிலேயே கிடைக்கிறது. ஒவ்வொரு படியோடும் ஓலையின் நிழற்படத்தை இணைப்பதும் வேண்டும். கோட்டையிலுள்ள காப்பகத்தில் ஓர் ஓலைக்கட்டை அவிழ்த்து அமரும் ஆய்வாளர் முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டியது, தாம் எழுதவிருக்கும் எழுத்தில் எத்தனை னகரம் உள்ளன என்பதே.